மூன்றாவது ஊசி

எங்கள் வீட்டில் ஏழு ஆண்களுக்கு ஒரே கழிப்பறை. அதனால் ஓவசியரின் நோய் டாக்டருக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மொன்ட்ரியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் வீடு அது. ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெவ்வேறு வழிகளில் கனடாவுக்கு வந்து சேர்ந்த நாங்கள் அகதி விசாரணைக்கு நாள் வரும்வரை அங்கே வரிசையாகப் படுத்தோம். எல்லோருக்கும் மூத்தவர் ஓவசியர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். திருகோணமலையில் குழாய்க்கிணறு தோண்டும் ஆட்களுக்கு மேற்பார்வை பார்த்தவர், மொன்ட்ரியலில் ஒரு துணி ஆலையில் பெட்டி கட்டினார். மனைவியும் ஒரே மகளும் இன்னும் ஊரில் இருந்தார்கள். அவருடைய விசாரணை முடிந்து, அவர்களைக் கூப்பிடுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது.

காலையில் அவர் உள்ளே போனால் வெளியே வரமாட்டார். எங்களில் ஒருவன் மட்டக்களப்பிலிருந்து வந்தவன், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன், அவன்தான் கதவைத் தட்டுவான்.

"ஓவசியர் ஐயா, உள்ளுக்கு கிணறு தோண்டுறீங்களோ? நாங்க வேலைக்குப் போக வேணும்."

"தண்ணி வந்தாத்தானேடா மூடிவிட்டு வாறது" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். ஒருநாள் சிரிக்காமல் வந்தார். என் தோளைப் பிடித்துச் சமையலறை மூலைக்குக் கொண்டுபோய், "தம்பி, மூத்திரத்தில இரத்தம் போகுது. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.

என்னிடம் சொன்னதற்குக் காரணம் என் பிரெஞ்சு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் ஏறி, இறங்கி, பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் சில காலம் சமையலறைகளில் நின்றபோது ஒட்டிக்கொண்ட மொழி அது. அதில் பாதி வசவு. மீதியை வைத்துக்கொண்டு மொன்ட்ரியலில் ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் கூட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு வேலையிலும் நிலைத்து நிற்காதவனுக்கு அது வாய்ப்பான தொழிலாக இருந்தது.

டாக்டர் வயதானவர். தடித்த விரல்கள். ஆங்கிலம் பேசப் பிடிக்காதவர், ஆனால் எனக்காக மெதுவாகப் பிரெஞ்சு பேசினார். ஓவசியரை மேசையில் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டுக் கையுறை போட்டார். நான் வெளியே போகப் பார்த்தேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், நில் என்றார்.

"தம்பி, நீ சுவரைப் பார்."

"சுவரைத்தான் பாக்கிறன் அண்ணை."

"அப்ப சரி. நானும் மற்றச் சுவரைப் பாக்கிறன்."

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என் கையை வாங்கிப் பெருவிரலின் அடியிலுள்ள சதையை அமுக்கினார். புரஸ்டேட் சுரப்பி இப்படி இருக்க வேண்டும் என்றார். பிறகு என் விரல் முட்டியில் தட்டினார். இவருக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கிறது என்றார். இரத்தப் பரிசோதனையில் ஒரு கணக்கு கொஞ்சம் கூடியிருந்தது, ஆனால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லை அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஓவசியர் கால்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டி முடிக்க நேரமெடுத்தது.

அந்தக் காலத்தில் அந்த ஊசியைக் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார்கள். ஆசனவாய் வழியாக விரலை விட்டு, கல்லாக இருக்கும் இடத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, அந்த விரலோடு நீண்ட ஊசியைச் செலுத்தி, நூல் மாதிரிச் சதைத் துண்டுகளை எடுப்பார்கள். நான் வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தவர் பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று வீடுவரை நின்றுகொண்டு வந்தார்.

வீட்டில் மற்றவர்களுக்கு 'நீர்க்கடுப்புக்கு ஒரு சின்ன ஒப்பரேஷன்' என்று சொல்லியிருந்தோம்.

முதல் ஊசியில் ஒன்றும் இல்லை. ஓவசியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான்தான் அவரைக் குணப்படுத்தியது மாதிரி. டாக்டருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. திரும்ப விரலால் பார்த்தார். கல் அப்படியே இருக்கிறது, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்றார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் பிடித்தது. கிருமி உள்ளே போய்விட்டது. கம்பளிகளுக்கு மேல் எங்கள் ஓவர்கோட்டுகளையும் போட்டு மூடினோம், கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். அம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் அவர் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். ஊசி ஒன்றும் காட்டாவிட்டால் மொட்டை போடுவது, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் ஒருநேரச் சாப்பாடு போடுவது. எனக்கும் அப்போதே சொன்னார். நான் கடவுள் விஷயத்தில் பெரிய அக்கறை இல்லாதவன். சரி என்றேன். காய்ச்சலில் கிடக்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

இரண்டாவது ஊசியிலும் ஒன்றும் இல்லை.

இந்த முறை டாக்டர் மேசையில் விரித்திருந்த தாளில் ஒரு வட்டம் கீறினார். அதன் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. பிறகு பேனாவால் வட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தினார். எதுவும் புள்ளியில் படவில்லை. "நான் எடுத்த துண்டுகளில் நோய் இல்லை. இவரிடம் நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை" என்றார். இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்து, ஓவசியருக்கு அவருடைய தொழிலை வைத்தே சொன்னேன்.

"அண்ணை, ஒரு காணியில ரெண்டு இடத்தில குழாய் இறக்கினீங்கள், தண்ணி இல்லை. காணியில தண்ணியே இல்லையெண்டு எழுதிக் குடுப்பீங்களோ?"

"எழுதிக் குடுக்க மாட்டன்" என்றார். "மூண்டாம் இடத்தில இறக்குவன்."

"அதைத்தான் இவரும் சொல்லுறார்."

"அது காணி தம்பி. இது என்ர உடம்பு."

டாக்டர், காய்ச்சல் களைப்பு தீர்ந்ததும் மயக்க மருந்து கொடுத்து அதிகத் துண்டுகள் எடுப்போம், நாள் குறித்து அறிவிப்பேன் என்றார். ஓவசியர் தலையாட்டினார். ஆனால் வெளியே வந்ததும் அவர் தேடியது சவரக்கத்தி வைத்திருக்கிற ஆளை.

கத்தி மட்டக்களப்பானிடம் இருந்தது. குளியல் தொட்டிக்குள் பால் போத்தல் அடுக்கும் பிளாஸ்டிக் கிறேற் ஒன்றைக் கவிழ்த்து ஓவசியரை அதில் இருத்தினான். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

"ஐயா, நான் வேதக்காரன். நான் வழிச்சா முருகன் ஏற்பாரோ?"

"நீ காதை வெட்டாமல் வழி. மிச்சத்தை நான் அவரோட கதைக்கிறன்."

"காதில பட்டா எங்கட கர்த்தரிட்டச் சொல்லி ஒட்ட வைக்கிறன். வெட்டின காதை ஒட்டுறதில அவர் கெட்டிக்காரர்."

வெளியே தெருவில் பனி கிடந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, மேலே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் நடந்த வெள்ளிப் பூசைக்குப் போனார். அவரே அகப்பை பிடித்துச் சோறு போட்டார். பூசைக்கு வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "ஒரு பெரிய கண்டம் கழிஞ்சுது" என்றார். கொழும்பிலிருந்த மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்து, ஒன்றும் இல்லையாம் என்று மனைவிக்குச் சொல்லச் சொன்னார். காய்ச்சலில் கிடந்தபோதே ஊருக்குச் செய்தி போயிருந்ததால் அந்த அம்மாவும் தன் பங்குக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார், அதை முடித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறித்து அழைப்பு வந்தபோது அவருடைய தலையில் மயிர் இன்னும் சரியாக அரும்பவில்லை.

வரமாட்டேன் என்று சொல்வதற்காகவே என்னோடு வந்தார். அழைப்பை உதாசீனம் செய்தால் மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர். உள்ளே போனதும் தொப்பியைக் கழற்றினார். பதிவு செய்கிற பெண் அந்தத் தலையைப் பார்த்ததும் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தாள். ஓவசியருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல பிள்ளை" என்றார். டாக்டர் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இவருக்கு வேறு யார் புற்றுநோய் மருந்து கொடுக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரி, என் அனுமதி இல்லாமல் எப்படி என்று என்னிடம் கோபப்பட்டார்.

நேர்த்தி என்பதற்கு என் சமையலறைப் பிரெஞ்சில் சொல் இல்லை. நோய் இல்லை என்று தெரிந்த மகிழ்ச்சியில் கடவுளுக்குத் தலைமயிரைக் கொடுத்தார் என்றேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 

"நோய் இல்லை என்று நான் சொல்லவில்லையே" என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன்.

ஓவசியர் நிதானமாகப் பேசினார். "தம்பி, அவருக்கு மரியாதையாச் சொல்லு. நான் முருகனிட்டக் கேட்டன். இல்லையெண்டார். குடுக்கிறதையும் குடுத்திட்டன். மயிர் முளைக்க முந்தித் திரும்பப் போய், முருகா, நீர் சொன்னது சரியோ எண்டு ஊசியால குத்திப் பாக்கிறதோ? தந்த வாக்கை அவர் திருப்பி எடுத்தால் ஆரிட்டப் போறது?"

"அண்ணை, இது அவருக்குக் கோபம் வாற விஷயமில்லை."

"உனக்குத் தெரியாது. உனக்கு அவரோட பழக்கமில்லை."

இது முழுக் காரணமா என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்போது ஒரு பேச்சு இருந்தது: நோயாளியென்று தெரிந்தால் கனடாக்காரன் விசாவைக் கொடுக்கமாட்டான், குடும்பத்தையும் விடமாட்டான் என்று. யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கழிப்பறை வரிசையில் நின்று கதைத்த கதைதான். மனைவியின் அலுவல் முக்கால்வாசி முடிந்திருந்த நேரம். பிறகொரு நாள் நான் அதைக் கேட்டபோது, "அதுவும் கிடக்கு" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த முடியாது. வாசல்வரை வந்து, தன் சுட்டுவிரலை நிமிர்த்திக் காட்டி, "நான் ஊசியைவிட இதைத்தான் நம்புகிறேன். மனம் மாறினால் எந்த நாளும் வரலாம்" என்றார். ஓவசியர் கைகூப்பிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

நான் வசந்தத்தில் வடக்கே மரம் நடுகிற வேலைக்குப் போனேன். அங்கிருந்து ஒரு லாரிக்காரனோடு மேற்கே போனேன். திரும்பி வந்தபோது ஓவசியரின் தலையில் நரைமயிர் அடர்த்தியாக முளைத்திருந்தது. சீப்பை நனைத்து வாரிக்கொண்டிருந்தார். நடைதான் மாறியிருந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைச் சோதித்துப் பார்க்கிறவர் மாதிரிக் கால் வைத்தார்.

"பெட்டி தூக்கின பிடிப்பு" என்றார். இரவில் மட்டக்களப்பான் அவருடைய இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுவான். தேய்க்கத் தேய்க்க நோவு கூடியதாம். தைலம் நல்லதில்லை என்று வேறு தைலம் வாங்கினார்கள்.

"திரும்ப ஒருக்கா டொக்டரிட்டப் போவமே அண்ணை?"

"இடுப்பு நோவுக்கு அந்த டொக்டர் என்னத்துக்கு? அவர் வேற இடத்து டொக்டர்."

மெட்ரோவில் மேலே ஏறுகிற படிக்கட்டில் அவருடைய வலது கால் ஒருநாள் பேசாமல் மடங்கிவிட்டது. வேலை முடிந்து வருகிற கூட்டம். பின்னால் வந்தவர்கள் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது. அவசரப் பிரிவில் கையில் ஏதோ மருந்தை ஏற்றி, பல மணிநேரம் காத்திருக்க வைத்து, ஒரு இயந்திரத்துக்குக் கீழே படுக்கவைத்தார்கள். பிறகு அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது நானும் பார்த்தேன். மனித எலும்புக்கூடு ஒன்று சாம்பல் நிறத்தில் நின்றது. முதுகெலும்பிலும் இடுப்பிலும் விலாவிலும் மை தெறித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அதைப் பார்க்க எட்டாம் வகுப்பே போதும்.

பழைய டாக்டர்தான் வந்தார். மூன்றாவது ஊசியை அப்போது போட்டார். எந்தச் சிகிச்சைக்கும் சதையில் உறுதியான சாட்சி வேண்டுமாம். இப்போது எங்கே குத்தினாலும் அகப்பட்டது. முடிவு வந்தபோது, நான் சொன்னேனே என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஓவசியரின் கட்டிலில், காலடியில் உட்கார்ந்தார். முதல் ஊசியில் அகப்பட்டிருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், தவறியது என் கை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அவரை அப்பிடிச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லு" என்றார் ஓவசியர். "அவர் மூண்டாம் தரம் வாவெண்டு கூப்பிட்டவர்."

இனி வேரோடு எடுக்க முடியாது. நோயை அடக்க ஒரு வழி இருந்தது: விதைகளை வெட்டி எடுப்பது. அவை இல்லாவிட்டால் நோய்க்குத் தீனி கிடைக்காது, எலும்பு நோவு சில நாட்களிலேயே குறையும் என்றார் டாக்டர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு இந்த முறை எனக்குச் சந்தர்ப்பம் இருக்கவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டார். பிறகு, "அவள் எப்ப வாறாள்?" என்று கேட்டார். மனைவிக்கும் மகளுக்கும் அந்த வாரம்தான் விசா கிடைத்திருந்தது. அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

"அடுத்த மாதம் அண்ணை."

"அப்ப இப்பவே செய்யச் சொல்லு. விமான நிலையத்தில நான் நடந்து போக வேணும்."

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. நோவு குறைந்தது. மிராபெல் விமான நிலையத்துக்கு அவர் பொல்லு ஊன்றிக்கொண்டு, ஆனால் நடந்துதான் வந்தார். அந்த அம்மா அவர் காலைத் தொடப் போனார். அவர் குனிந்து தடுக்கப் பார்த்தார், குனிய முடியவில்லை. அம்மா கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து அங்கேயே, தள்ளுவண்டிகளுக்கு நடுவே, அவர் நெற்றியில் பூசினார். நேர்த்தி முடித்த நாளன்று வாங்கிய விபூதி. பதின்மூன்று வயது மகள் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

கார் நிறுத்தத்துக்குப் போகும்போது அம்மா பின்தங்கி என்னோடு நடந்தார்.

"தம்பி, இவர் ஏன் இப்பிடி இளைச்சுப் போனார்? ஊசியில ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லி அனுப்பினவர்?"

"ஓம் அக்கா" என்றேன். "ஊசியில ஒண்டும் இருக்கேல்லை."

மீதியை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். லாசாலில் குடும்பத்துக்காக எடுத்திருந்த புது வீட்டில் சில நாட்களுக்குப் பிறகு சொன்னார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நான் போனபோது சாமிப் படம் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது, முன்னால் விளக்கும் எரிந்தது. அந்த அம்மா மட்டும் அதன் பக்கம் திரும்பாமல் தேநீர் போட்டார்.

வெட்டிய பிறகு நோய் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் அடங்கியிருந்தது. பிறகு திரும்பியது. மறுபடி எலும்புக்குள் இறங்கியதும் மருந்து எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் அவருடைய கையைப் பிடிப்பதற்குக்கூடப் பயமாக இருந்தது. ஒருநாள் கட்டிலில் திரும்பும்போது விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். மாரிக்குளிர் முடிவதற்குள் போய்விட்டார்.

கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. நெருங்கிய உறவும் இந்த ஊரில் இல்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, "எல்லா இடத்துக்கும் நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனீங்கள்" என்றார். மறுக்கத் தோன்றவில்லை.

மட்டக்களப்பான் அதே தொட்டிக்குள் அதே பால் கிறேற்றைக் கவிழ்த்தான்.

"குனி மச்சான்."

குனிந்தேன். ஒரு பக்கத்தை வழித்தான்.

"வேதக்காரன் வழிச்சா ஏற்பாரோ எண்டு கேக்கேல்லையோ?" என்றேன்.

"ஆர்?" என்றான். கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு மற்றப் பக்கத்தைத் தொடங்கினான்.

எரியூட்டும் இடத்தில் நெருப்பு இல்லை, ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். முடிந்ததும் எல்லோரும் கார்களில் லாசாலுக்குப் போனார்கள். எனக்குப் பேச்சுச் சத்தம் வேண்டாம் போலிருந்தது, மெட்ரோ எடுத்தேன். பெட்டிக்குள் வெக்கை. தொப்பியைக் கழற்றினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என் தலையைப் பார்த்தாள். மெல்ல எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் முழங்கையைப் பிடித்து என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.